ஹெட்செட்டைக் கழற்றிய வெர்லன்

வெர்லன் டாட்லாக்குக்கு ஐம்பத்து மூணு வயசு. அதில் இருபத்தாறு வருஷம், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில், காலேஜ் டீம்களின் முன்வரிசைத் தடியன்களுக்குக் குனியவும் முட்டவும் சொல்லிக் கொடுத்தே போய்விட்டது. ஏழு காலேஜ், ஏழு ஊர். தலைமைக் கோச்சைத் துரத்தினால் அவரோடு வந்த அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டிய தொழில் இது. மிசிசிப்பியில் இந்த ஏழாவது ஊருக்கு வந்தபோதே அவன் பெண்டாட்டி லொரெட்டா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இதுதான் கடைசி வெர்லன். இன்னொரு ஊருக்கு நான் வரமாட்டேன்."

இந்த வருஷம் பதினோரு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி. கடைசி ஆட்டமும் போனால் எல்லாருக்கும் சீட்டுக் கிழியும் என்று காலேஜ் தலைவர் பேப்பர்காரனிடமே சொல்லிவிட்டார்.

கோளாறு எங்கே என்று வெர்லனுக்குத் தெரியும். தடுப்பாட்டத்தை வகுப்பவன் பிராண்ட் ஸ்காகின்ஸ். முப்பத்தாறு வயசு, வாயைத் திறந்தால் கம்ப்யூட்டர்தான். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து அவன் ஒரு எண்ணை ஹெட்செட்டில் சொல்வான். கீழே கோட்டோரம் நிற்கும் வெர்லன் அதைக் கையால் காட்டணும். பசங்க மணிக்கட்டில் கட்டிய அட்டையில் தேடிப் படித்து, யார் எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்ளணும். அட்டையில் நூற்று நாற்பது எண். இவன்கள் படித்து முடிப்பதற்குள் எதிராளி பந்தோடு பாதி மைதானம் தாண்டியிருப்பான்.

"அட்டையத் தூக்கிப் போடு பிராண்ட். நாலே நாலு வகை போதும். பசங்க படிக்கிறானுங்க, ஆட மாட்டேங்குறானுங்க."

"உன் காலத்துல ஹெல்மெட்டே தோல்ல இருந்துச்சுல்ல? நீ போய் அவனுங்களக் குனிய வை, போதும்."

சனிக்கிழமை அந்தக் கடைசி ஆட்டம். நாலு கால் பாகத்தில் மூணாவது முடியும்போது நான்கு பாயிண்ட் முன்னால் இருந்தார்கள். ஆனால் எதிராளி வேகம் கூட்ட ஆரம்பித்துவிட்டான். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் இப்படித்தான் தொலைந்தது. வெர்லன் ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பசங்களைக் கூப்பிட்டான்.

"அட்டையக் கழட்டி எறிங்கடா. என்னயும் பாக்காதீங்க. பந்தப் பாரு, எதிர்ல நிக்கிறவன முட்டித் தள்ளு. அவ்ளோதான்."

"நெசமாவா கோச்?" என்றான் கேப்டன் கேஷான் மேப்ரி. பல்லெல்லாம் தெரிந்தது.

நாலு தடவை எதிராளி பந்தோடு வந்தான். நாலு தடவையும் பத்து கஜம்கூட நகராமல் திரும்பிப் போனான். கூட்டம் உட்கார்ந்திருந்த தகரப் பெஞ்சைத் தட்டிக் கூத்தாடியது.

இன்னும் ஒண்ணரை நிமிஷம். எதிராளி மறுபடி பந்தோடு வந்து நின்றான். தலைமைக் கோச் பூஃபர்ட் லைல் ஓடிவந்தார்.

"மேல பிராண்ட் கத்திக்கிட்டு இருக்கான். ஹெட்செட்ட மாட்டு."

"நல்லாத்தானே சார் போகுது?"

"மாட்டுன்னா மாட்டுய்யா! இன்னிக்கு நாம ஜெயிச்சாலும் நாளைக்கு நீ மட்டும் வெளிய போகணுமா?"

வெர்லனுக்கு வீடு கண்முன்னால் வந்தது. மாட்டிக்கொண்டான்.

"எண்பத்தேழு," என்றான் பிராண்ட்.

வெர்லன் எட்டும் ஏழும் காட்டினான். களத்தில் பாதிப் பேருக்கு அட்டை இல்லை. இல்லாதவன் இருப்பவன் மணிக்கட்டை எட்டிப் பார்த்தான். அந்த நேரம் பந்து புறப்பட்டுவிட்டது. அறுபது கஜம், ஒரு கை மேலே படாமல் ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டினான் பந்தை வாங்கிய எதிரணிப் பையன். அதற்கு ஆறு பாயிண்ட்; முன்னிலையும் போச்சு, ஆட்டமும் போச்சு.

ஆட்டம் முடிந்து கேஷான் கிட்டே வந்தான். முகமெல்லாம் மண்.

"பாக்காதீங்கன்னு சொன்னது நீங்கதானே கோச்?"

"நான்தான்."

"அப்புறம் ஏன் கையக் காட்டினீங்க?"

வெர்லன் ஹெட்செட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். பையன் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

வண்டியில் உட்கார்ந்து லொரெட்டாவுக்குப் போன் போட்டான்.

"ரேடியோல கேட்டேன்," என்றாள். "நல்லாத்தானே நிறுத்திக்கிட்டு இருந்தீங்க, என்ன ஆச்சு?"

"நான் பயந்துட்டேன். வேலை போயிடும்னு."

"போயிடுச்சா?"

"திங்கட்கிழமை சொல்வாங்க. போனதுதான்."

 போனில் பின்னால் மகள் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"அடுத்த ஊர்ல நல்ல ரூமாப் பாத்துக்க," என்றாள் லொரெட்டா. "ஒருத்தருக்கு."