அப்பாயியின் புலியும் என் ஜெபமும்

என் பிள்ளைகளே, கிருபா, தாவீது,

உங்க அப்பாயியின் வாயைக் கட்டிப்போடச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டவன் உங்க அப்பன்தான். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. உங்க அம்மாவிடமும் சொன்னதில்லை. ஞாயிறு பள்ளியில் நீங்க அப்பாயி கதையைச் சொல்லும்போது புலி ரெண்டாகி, போன வாரம் மூணாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது நாலாவதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். சபையில் உள்ளவங்களும் வாசிக்கட்டும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

நம்ம தோட்டத்துச் சபைக்குத் தனிக் கட்டடம் கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஈப்போவிலிருந்து உபதேசியார் சைக்கிளில் வருவார். பள்ளிக்கூடக் கொட்டகையில் பாய் விரித்து ஆராதனை. பாட்டு முடிந்ததும், சாட்சி சொல்ல யாராவது இருக்கீங்களான்னு கேட்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் அம்மா, உங்க அப்பாயி, எழுந்து நிற்பாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள்.

ஒரே சாட்சி. ஒவ்வொரு தடவையும் அதே சாட்சி. ஒரு சொல் மாறாது.

"கப்பல்ல பீப்பாத் தண்ணி உப்புக் கரிச்சுது" என்று ஆரம்பிப்பாள். அடுத்தது, "பினாங்குத் தீவுல கஞ்சி ஊத்தினாங்க." கப்பலில் வந்த எங்களை நோய் பார்க்க அங்கே அடைத்துவைத்த கதை அது. அப்புறம் என் அப்பா. "அவரு காய்ச்சல்ல கண்ணை மூடினாரு. மண்ணு ஈரமா இருந்துச்சு." இங்கே ஒரு பெருமூச்சு விடுவாள். எத்தனை நேரம் விடுவாள் என்பதுகூட எனக்குத் தெரியும். பிறகு நான் வருவேன். "மரத்துல தூளி. தூளியில புள்ள." மீசை வைத்து, நாலு பேருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் என்னைக் கையைக் காட்டிச் சொல்வாள். கடைசியில் குரலைத் தாழ்த்துவாள். "அப்ப புலி வந்துச்சு. வாளியத் தட்டினேன். கர்த்தர் எம் பக்கத்துல நின்னாரு."

பெண்கள் பக்கத்தில் பாக்கியம் அக்கா கூடவே வாயசைப்பாள். பிள்ளைகள் புலி வரும் இடத்துக்காகக் காத்திருப்பார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொள்வேன்.

எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். அது புலி இல்லை. அது காட்டுப்பன்றி. பழைய கங்காணி ஒருத்தர், அன்றைக்கு அதே காட்டில் வேலை பார்த்தவர், சாகிறதுக்கு முன்னால் என்னிடம் சொன்னார். ஓடைக்கரைச் சேற்றில் காலடியைப் பார்த்தாராம், பன்றிக் குளம்புதானாம். நான் பால் ஸ்டோரில் நிறுவை பார்க்கிறவன். ரப்பர் பாலில் தண்ணி கலந்து கொண்டுவந்தால் முகம் பார்க்காமல் திருப்பி அனுப்புகிறவன். என்னைப் பெற்றவள் ஆண்டவர் சன்னிதியில் பன்றியைப் புலியாக்கி நிறுக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, பன்னின்னு சொன்னா கர்த்தருக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டேன். "பாத்தது நீயா நானா?" என்று கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். வீட்டில் எடுபடாததை வெளியில் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் சொன்னேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸரிடம் சொன்னேன். எங்க அம்மா புளுகுது, நம்பாதீங்கன்னு சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பு பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. சாட்சியில் அவள் சொல்லாமல் விட்டது சொன்னதைவிடப் பெரிது. எனக்கு முன்னால் பிறந்த நாலு பிள்ளைகளை ஊரிலேயே புதைத்துவிட்டுக் கப்பல் ஏறியவள். அப்பா போனபோது எனக்கு ஒரு வயது. இங்கே அப்போது ரப்பர் கிடையாது. காப்பித் தோட்டம் போடக் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைத் தூளியில் தொங்கவிட்டுப் புல் வெட்டினாள். ரப்பர் வந்த பிறகு, நாற்பது வயதுக்கு மேல், பால் வெட்டக் கற்றுக்கொண்டாள். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னவர்களிடம், எனக்கு ஜெபம் பண்ணவே நேரம் போதலன்னு சொல்லிவிட்டாளாம். இதையெல்லாம் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாள். புலிதான் வேண்டும் அவளுக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மழை. அன்றைக்கு ஆராதனைக்கு ஈப்போவிலிருந்து உபதேசியாரோடு இன்னொரு பெரியவரும் வந்திருந்தார். அவருக்கு முன்னாலாவது மானம் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். உபதேசியார் கேட்டார். அம்மா எழுந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இவ வாயக் கொஞ்சம் கட்டும்" என்று ஜெபித்தேன்.

"கப்பல்ல" என்றாள். அதோடு நின்றது. கண்ணைத் திறந்து பார்க்கிறேன், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. வலது கை தொங்கிப்போய்விட்டது. பாக்கியம் அக்கா மேலேயே சாய்ந்தாள்.

எத்தனையோ காரியத்துக்கு வருஷக்கணக்கில் ஜெபித்திருக்கிறேன். பதில் வர நாளாகும். இது ஒரு மூச்சில் வந்தது.

டிரெஸர் பார்த்தார். பக்கவாதம், பேச்சு இனிமேல் சந்தேகம் என்றார். மூணு வாரம் அம்மா படுத்தே கிடந்தாள். கண் மட்டும் எங்களைச் சுற்றிச் சுற்றி வரும். எனக்குச் சோறு இறங்கவில்லை. நிறுவையில் நிற்கும்போதும் ஜெபம், நடக்கும்போதும் ஜெபம். "நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அவ பேச்சைக் கொடுத்துவிடும். என்ன வேணுமானாலும் பேசட்டும்" என்று கெஞ்சினேன். என்ன வேணுமானாலும் என்று ஏன் சொன்னேனோ.

நாலாவது வாரம், காலையில் வேலைக்குப் போகுமுன் காப்பித் தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன். கட்டிலிலிருந்து தெளிவாக ஒரு குரல்.

"கப்பல்ல பீப்பாத் தண்ணி உப்புக் கரிச்சுது."

முழங்காலில் விழுந்துவிட்டேன். அழுதேன். உங்க அம்மாவும் அழுதாள். சாயங்காலம் திரும்பி வந்து, எப்படி இருக்கம்மா என்று கேட்டேன். "பினாங்குத் தீவுல கஞ்சி ஊத்தினாங்க" என்றாள். வலிக்குதா என்றேன். "மண்ணு ஈரமா இருந்துச்சு" என்றாள். நாலு நாள் ஆனது. அந்தச் சாட்சியைத் தவிர வேறே ஒரு வார்த்தை வரவில்லை. என் பேர் வரவில்லை. உங்க பேர் வரவில்லை. தண்ணி, சோறு, கை, கால் எதுவும் வரவில்லை. புலி வந்தது.

நான் ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டேன். பேச்சைக் கேட்டேன், இதையா கேட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். உங்க அம்மா எஸ்தர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அத்தை உளறல. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன், குடிச்சாங்க. கப்பல்னா தாகம். கஞ்சின்னா பசி. மண்ணு ஈரம்னா துணி மாத்தணும். இத்தனை வருஷமா கேட்டீங்களே, உங்களுக்கா தெரியல?"

எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் இருப்பதற்காகத்தானே இத்தனை வருஷம் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

ஆனால் டிரெஸருக்கு யார் சொல்வது? அவர் மருந்து கொடுக்க வரும்போதெல்லாம் அம்மா அவரைப் பார்த்து, "அப்ப புலி வந்துச்சு" என்பாள். அவர் ஊசியோடு வருகிறவர், அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. கைகால் விழுந்ததோடு புத்தியும் கலங்கிவிட்டது, லயத்து வரிசை வீடுகளில் நெருப்பு கிருப்பு வைத்துவிட்டால் யார் பொறுப்பு என்று பயந்தார். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடலாம், மாசம் ஒரு தடவை வருகிற வெள்ளைக்கார டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி நம்ம தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அதற்குள் போன கிழவிகள் யாரும் எங்க லயத்துக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அங்கே அவள் கப்பல் என்றால் யார் தண்ணி கொடுப்பார்கள்?

டாக்டர் வருகிற நாள் வரைக்கும் நானும் உங்க அம்மாவும் உபவாசம் இருந்தோம்.

டாக்டர் வந்தார். வயசானவர், தோட்டத் தமிழ் கொஞ்சம் பேசுவார். கட்டில் பக்கத்தில் நின்று, என்னைக் காட்டி, "இது யார்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"மரத்துல தூளி. தூளியில புள்ள."

மகன் என்று சொல்கிறாள் ஐயா என்றேன். எஸ்தர் மற்றதையும் விளக்கினாள். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அந்த நேரம் டிரெஸர் முன்னால் வந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். வேண்டாம் வேண்டாம் என்று நான் மனசுக்குள் அடித்துக்கொள்கிறேன். சொல்லிவிட்டாள்.

"அப்ப புலி வந்துச்சு."

"பாத்தீங்களா ஐயா," என்றார் டிரெஸர். "கண்ணு முன்னால புலி நிக்கிற மாதிரி பேசுது. இந்தத் தோட்டத்துக்குப் புலியே வந்தது கிடையாது. இவரே எங்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கார், அது பன்னி, அம்மா புளுகுதுன்னு. கேட்டுப் பாருங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல். புலி வந்ததா, வரவில்லையா?"

வந்தது என்றால் பொய். நானே ஊரெல்லாம் சொன்னதை விழுங்க வேண்டும். வரவில்லை என்றால் அவள் இல்லாததைப் பார்க்கிறவள், கையெழுத்து விழுந்துவிடும். எஸ்தர் என்னையே பார்க்கிறாள். ஆண்டவரே, பொய் சொல்லவும் வைக்காதேயும், அவளை அனுப்பவும் வைக்காதேயும், ரெண்டும் ஆகாதென்றால் என் வாயையும் கட்டிவிடும் என்று உள்ளே கத்தினேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. சண்டைதான்.

ஆண்டவர் என் வாயைக் கட்டவில்லை. திறந்தார். நான் யோசித்துச் சொன்னதில்லை, சத்தியமாக. அதுவாக வந்தது.

"நான் தூளிக்குள்ள இருந்தேன், ஐயா. பாத்தது அவ."

இத்தனை வருஷமாக அவள் என்னிடம் சொன்னது அதேதான். பாத்தது நீயா நானா. என் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. எவனோ பார்த்த காலடியை வைத்துக்கொண்டு, வாளியைத் தட்டியவளை நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா இடது கையைத் தூக்கினாள். கட்டில் சட்டத்தில் மூணு தடவை தட்டினாள். "கர்த்தர் எம் பக்கத்துல நின்னாரு" என்றாள். டாக்டர் கையெழுத்துப் போடாமல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வீட்டில் வை. நல்லா பார்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ரெண்டு மழை பார்த்தாள் உங்க அப்பாயி. அந்தச் சில வார்த்தைகளை வைத்துக்கொண்டே எங்களை அதட்டினாள், கேலி பண்ணினாள், உங்களைக் கொஞ்சினாள். டிரெஸரும் மாறிவிட்டார். வாசலில் நின்று, "புலி வந்திருக்கேன், பாட்டி" என்பார். அவள் பொக்கை வாயால் சிரிப்பாள். கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு தூளியில புள்ள, தூளியில புள்ள என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் கண்ணை மூடினாள்.

அடக்கம் முடிந்து வந்த முதல் ஆராதனையில், உபதேசியார் சாட்சிக்குக் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. நான் எழுந்தேன். கப்பல், கஞ்சி, ஈர மண்ணு, தூளி, எல்லாம் சொன்னேன். அந்த இடம் வந்தது. என் நாக்கு, நிறுவைக்காரன் நாக்கு, புரளவில்லை. "அப்ப ஒரு மிருகம் வந்துச்சு" என்றேன்.

"எந்த மிருகம் தம்பி?" என்றாள் பாக்கியம் அக்கா. "அதுக்கு ஞானஸ்நானம் குடுத்துப் பேரு வைக்கலையா?"

கொட்டகையே சிரித்தது. நீங்க ரெண்டு பேரும்தான் அதிகம் சிரித்தீர்கள். எரிச்சலோடு உட்கார்ந்தேன். என்னை விட்டுப் போன பிறகும் அம்மா விடமாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிள்ளைகளே, சகோதர சகோதரிகளே, நான் கேட்டது ஒன்று, எனக்குக் கிடைத்தது ஒன்று. கிடைத்ததைக் கொண்டே நாங்கள் பிழைத்தோம். முதலில் நான் கேட்ட கெட்ட ஜெபத்தை அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அதற்காக இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது ஸ்டோரில் பாலை மட்டும் நிறுக்கிறேன். மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் அவரிடம் போங்க. அழகாகக் கேட்க வரவில்லையென்றால் சண்டை போட்டாவது கேளுங்க. என்னைப் போல ஆளுக்கே பதில் சொன்னவர், உங்களைத் தள்ளமாட்டார். அவருக்கு ஸ்தோத்திரம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்த ஆராதனைக்கு மறுநாள் வேலை முடிந்ததும் நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. ஸ்டோரிலிருந்து ஒரு பழைய வாளியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். தூளி கட்டின மரத்தை வெட்டி ரொம்ப நாளாகிவிட்டது. அடிக்கட்டை மட்டும் பாசி பிடித்துக் கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்தேன். சுற்றி ஒருத்தரும் இல்லை. ஒரு குச்சியை எடுத்து வாளியை மூணு தடவை தட்டினேன். எதிர்க்கரையில் ஏதோ ஒன்று புதரை விலக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்க் காலடியைப் பார்க்கவில்லை. "புலி" என்று வாய்விட்டுச் சொன்னேன். வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.