தட்டைத் தட்டுங்க

லேத் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பைக் கடைந்த மனுஷனுக்கு, அன்று ஒரு இசைத்தட்டைக் கீறத் துணிவு வரவில்லை. எப்படி வரும்? இருப்பது இந்த ஒரே தட்டு.

இதே தட்டு வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்ததுதான். ஒரு வெள்ளைக்கார ராக் குழுவின் பழைய பாட்டுகளைத் திரட்டிப் போட்ட தொகுப்பு. கல்யாணத்துக்கு முன்பே அவர் மனைவி பழைய சாமான் கடையில் வாங்கியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் முழுக்க ஊரார் பேச்சை இணைத்துவிட்டு வருபவள், அதைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பாள். அட்டையில் ஆரஞ்சும் ஊதாவுமாக முகங்கள் உருகி வழியும். "வாந்தி எடுத்த மாதிரி இருக்கு" என்பார் இவர். "உங்க ரசனைக்கு இரும்புத்தூள்தான் லாயக்கு" என்பாள்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. கிட்டார் ஊளையிட்டு ஓய்ந்ததும் ஊசி ஒரு கீறலில் மாட்டிக்கொள்ளும். பாடகன் ஒரே சொல்லையே பிடித்துக்கொண்டு தொங்குவான். இங்கிலீஷ் தெரியாத இவர் காதில் அது 'போடா, போடா' என்றுதான் விழும். உடனே சமையலறையிலிருந்து குரல் வரும்: "ஏங்க, தட்டைத் தட்டுங்க." இவர் முனகிக்கொண்டே போய்ப் பிளேயர் பெட்டியின் ஓரத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். பாட்டு நகரும். வருஷக்கணக்காக நடந்த கூத்து இது.

பக்கவாதம் வந்து அவளுடைய வலது பக்கமும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இடம் வேண்டுமே என்று மூலையில் கிடந்ததையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் அள்ளிக் கொடுத்தார். மாட்டிக்கொள்கிற தட்டு எதற்கு என்று அதையும் சேர்த்துக் கொடுத்தார், பாவி மனுஷன். மருந்துப் புட்டிகளை வைக்க பிளேயர் மட்டும் தங்கியது.

ஐந்தாம் மாதம், பேச்சுப் பயிற்சி தரும் அம்மா கேட்டார்: "யோசிக்காம வாய் தானா சொல்ற வார்த்தை ஏதாவது இவங்களுக்கு இருந்துச்சா? அதைப் பிடிச்சுத்தான் ஏறணும். நாளாக ஆகக் கஷ்டம்."

'ஏங்க, தட்டைத் தட்டுங்க' என்ற குரல்தான் இவர் நினைவுக்கு வந்தது. பேப்பர்காரரிடம் ஓடினார்; அவர் கையை விரித்துவிட்டார். பழைய இசைத்தட்டுக் கடைகளில் ஏறி இறங்கினார். குழுவின் பெயர் வாயில் நுழையாமல், "உருகுற மூஞ்சி அட்டை" என்று சொல்லிச் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார். ஏழாவது வாரம் ஒரு கடைக்காரர் அதே தொகுப்பை எடுத்து நீட்டினார்.

"பழசுதான். ஆனா ஒரு கீறல் கிடையாது சார்."

இவருக்கு முகம் செத்துப்போனது. வீட்டில் போட்டுப் பார்த்தார். 'போடா' ஒரு தடவை வந்தது, போய்விட்டது. அவள் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் பட்டறையிலிருந்து கோடு கிழிக்கும் எஃகு ஊசியைக் கொண்டுவந்தார். கடைக்காரர் கொடுத்த, ஒன்றுக்கும் ஆகாத இரண்டு தட்டுகளில் கீறிப் பழகினார். இரண்டிலும் பிளேயர் ஊசி முன்னால் தாவியதே தவிர, பின்னால் வந்து மாட்டிக்கொள்ளவில்லை. இனிப் பழகத் தட்டு இல்லை. 'போடா' வந்த இடத்தில் சுழலும் தட்டைக் கையால் நிறுத்தி, சாக்பீஸால் புள்ளி வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்வாக ஒரே இழுப்பு இழுத்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் பிளேயரை வைத்தார். கிட்டார் ஊளையிட்டு ஓய்ந்தது.

'போடா, போடா, போடா.'

மாட்டிக்கொண்டது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பத்துச் சுற்று, இருபது சுற்று. அவள் தலை மெல்லத் திரும்பியது. நல்ல கை போர்வையைக் கசக்கியது. வாய் கோணிக்கொண்டு அசைந்தது, சத்தம் இல்லை. கண்ணில் நீர் வழிந்தது.

"சொல்லும்மா. நீ சொன்னாத்தான் தட்டுவேன்" என்றார். கட்டிய பொண்டாட்டியை இப்படி வதைக்கிறோமே என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. சுற்றை எண்ணுவதை விட்டுவிட்டார். இனி முடியாது என்று பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

"ஏ…"

குனிந்தவர் அப்படியே நின்றார். தட்டிவிட்டால் பாட்டு நகர்ந்துவிடும். அதோடு இந்தக் குரலும் போய்விடுமோ என்று பயம். கை எழவில்லை.

"ஏ…ங்" என்றாள், இந்த முறை கோபமாக. எதையும் காதில் வாங்காத புருஷனைக் கூப்பிடுகிற அதே பழைய கோபம்.

"இதோ, தட்டுறேன்" என்று சொல்லித் தட்டினார். பாட்டு முடியும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஊசியை எடுத்து, மறுபடியும் கிட்டார் ஊளையிடுகிற இடத்தில் வைத்தார்.