படம்: அரச தரப்பு

கனடாவில், ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் அந்தத் தமிழ் வாரப் பத்திரிகை தயாரானது. நீக்கிலாஸ் ஆசிரியர். பக்கங்களை வடிவமைத்த பெண் பேர்ணடெற். அவர் முன்பு கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் பக்கம் கட்டியவர். போர்க்காலத்தில் அங்கே பக்கங்கள் தணிக்கை அதிகாரியிடம் போய் வரும். அதிகாரி வெட்டிய இடத்தை வேறு செய்தியால் மூடாமல் வெள்ளையாகவே விட்டு அச்சடிப்பார்கள். வாசகர்கள் முதலில் தேடுவது அந்த வெள்ளையைத்தான். அப்படி வாசித்துப் பழகியவர்களில் பலர் இப்போது ஸ்காபரோவில் இருந்தார்கள்.

யார் சொன்னது என்று போடாமல் பேர்ணடெற் எதையும் அச்சுக்கு விடமாட்டார். இராணுவம் சொன்னதை இராணுவம் சொன்னது என்றும், புலிகள் சொன்னதைப் புலிகள் சொன்னது என்றும் போடுவார். இதற்காக இரண்டு பக்கத்து ஆட்களும் தொலைபேசியில் ஏசியிருக்கிறார்கள்.

2009 மே மாதம், போர் முடிந்துவிட்டது என்று கொழும்பு அறிவித்த கிழமை, அரச தரப்பிலிருந்து ஒரு படம் வந்தது. வவுனியா முகாமில் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் தண்ணீருக்கு நிற்கிற வரிசை. ‘மீட்கப்பட்ட மக்கள்’ என்று விளக்கம் எழுதியிருந்தார்கள்.

“முன்பக்கத்தில போடு பேர்ணடெற். மீட்டதெண்டால் கம்பி என்னத்துக்கு எண்டு சனமே கேக்கட்டும்,” என்றார் நீக்கிலாஸ்.

பேர்ணடெற் முதலில் ‘படம்: அரச தரப்பு’ என்ற வரியை அடித்து வைத்தார். பிறகு ஓரங்களைச் சீராக்கப் படத்தைப் பெரிதாக்கினார். வரிசையில் மூன்றாவதாக, கையில் பிளாஸ்ரிக் தண்ணீர்க் கானோடு, மழித்த முகத்தோடு நின்றது அவருடைய தம்பி வின்சன்ற்.

வின்சன்ற் வன்னியிலிருந்து இதே பத்திரிகைக்குப் புனைபெயரில் செய்தி அனுப்பியவன். அந்தப் பெயருக்குரிய ஆள் யாரென்று ரொறன்ரோவில் அறிந்தவர்கள் இந்த அறையிலிருந்த இருவர் மட்டும். மாசிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

நீக்கிலாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “அவன்தான். கடவுளே, அவன்தான்.”

“படத்தை எடுத்துவிடுறன் அண்ணை.”

“விசரே உனக்கு? எங்கட நிருபர் உயிரோட அவையின்ர கையில இருக்கிறார் எண்டு எழுதுவம். அவையின்ர படமே சாட்சி. பிறகு ஆளை இல்லாமல் ஆக்கேலாது.”

“அவை ஏன் இந்தப் படத்தை வெளியில விட்டவை? ஒவ்வொரு முகமும் தெளிவா இருக்கு. ஆர் ஆரெண்டு நாங்களே இஞ்சயிருந்து சொல்லிக் குடுப்பம் எண்டு பாத்துக்கொண்டிருக்கினமோ தெரியாது.”

“உனக்குக் காலநிலை அறிக்கையிலயும் சந்தேகம்.”

“அதிலயும் ஆர் சொன்னதெண்டு போட்டிருக்கிறன்.”

நீக்கிலாஸ் சிரிக்கவில்லை. அவர் ஒரு கிழமையாக ஆங்கிலப் பத்திரிகைக்காரர் ஒருவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது பேர்ணடெற்றுக்கு நினைவு வந்தது. வின்சன்ற்றின் பெயர் அந்த ஆளுக்குத்தான் வேண்டியிருக்கிறதோ? அந்த எண்ணம் வந்ததற்கு வெட்கப்பட்டார். ஆனாலும் அதை விடவில்லை.

“உன்ர தம்பி. நீ சொல்லுறபடி செய்,” என்றார் நீக்கிலாஸ் கடைசியில். “அந்த இடத்தில நகைக்கடை விளம்பரத்தைப் போடு.”

“இந்தக் கிழமை முன்பக்கத்தில நகைக்கடையோ அண்ணை?”

அச்சகம் அவசரப்படுத்தியது. பேர்ணடெற் படத்தை எடுத்துவிட்டு, கொழும்பில் செய்ததுபோல இடத்தை வெள்ளையாக விட்டார். முதலில் அடித்து வைத்த வரி அந்த வெள்ளைக்குக் கீழே அப்படியே நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பத்திரிகை கடைகளுக்குப் போனதும் தொலைபேசி ஓயவில்லை. “கனடாவிலயும் வெட்டத் தொடங்கிட்டாங்களோ?” என்று கேட்டார் ஒருவர். “நீக்கிலாஸ் எவ்வளவுக்கு விலைபோனவர்?” என்றார் இன்னொருவர். ஒட்டாவா அரசுதான் தடுத்தது என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். கீழே நின்ற அந்த ஒரு வரி அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அரச தரப்பின் படங்களை இணையத்தில் தேடி, மறைக்கப்பட்டது எது என்று கண்டுபிடித்தார்கள். படம் மின்னஞ்சலில் வீடுவீடாகப் போனது.

அடுத்த கிழமை நகரின் கிழக்கு ஓரத்து ரூஜிலிருந்து தவமணி என்ற வயதான பெண் இரண்டு பஸ் மாறி வந்தார். கையில் அதே படம், மகள் அச்செடுத்துக் கொடுத்தது. வரிசையில் மூன்றாவது ஆளின்மேல் விரலை வைத்தார்.

“என்ர மகன் ராகுலன். கிளிநொச்சியில மோட்டார் சைக்கிள் திருத்தினவன். காதைப் பாருங்கோ, தகப்பன்ர காது.”

பேர்ணடெற் பார்த்தார். வின்சன்ற்றின் காது எப்படி இருந்தது? தம்பியை நேரில் கண்டு பத்து வருடத்துக்கு மேல். அவன்தான் என்று இவ்வளவு நாளும் தன் கண் சொன்னது ஆசையாலோ என்று முதல் தடவையாக யோசித்தார். பிறகு மறுபடி பார்த்தார். வின்சன்ற்தான்.

“பெயரைப் போடுங்கோ பிள்ளை. ராகுலன் இஞ்ச நிக்கிறான் எண்டு.”

“வேண்டாம் அன்ரி. பெயர் போட்டால் அவங்கள் ஆளைத் தேடுவாங்கள்.”

“அவன் என்ன செய்தவன், தேடுறதுக்கு?”

அது உங்கள் மகன் இல்லை என்று சொல்லலாம். சொன்னால், அப்ப ஆர் உது என்ற கேள்வி வரும். பேர்ணடெற் படத்தை அவர் பக்கமே தள்ளி வைத்தார்.

தவமணி அவரை மேலும் கீழும் பார்த்தார். “படத்தை வெட்டினதும் நீங்கள்தானாம். கீழே கடையில சொல்லுகினம். உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை அன்ரி.”

“ஓம், அப்பிடித்தான் சொல்லுவியள்.”

தவமணி படத்தை மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அன்று மாலைச் செய்தியில் ஒரு தமிழ் வானொலி அதை வாசித்தது. அரச படத்தில் காணப்படுபவர் கிளிநொச்சியைச் சேர்ந்த ராகுலன் எனத் தாயார் உறுதிப்படுத்தியுள்ளார்; அவரை அந்த முகாமில் தேடிப் பார்க்க வவுனியாவிலுள்ள உறவினர்கள் புறப்பட்டுவிட்டார்கள்.

“கேட்டனியே?” என்றார் நீக்கிலாஸ். “மனுசி இனி வேற இடத்தில தேடாது.”

“கேட்டனான்.”

“வானொலிக்கு அடிச்சுச் சொல்லுவமோ? பெயர் சொல்லத் தேவையில்லை. அது ராகுலன் இல்லை எண்டு மட்டும்.”

தம்பியின் முகத்துக்கு இப்போது வேறொருவனின் பெயர் இருந்தது. மோட்டார் சைக்கிள் திருத்தியவனை யார் தேடப்போகிறார்கள்? பேர்ணடெற் அந்த வாரத்துக்குரிய பக்கத்தைத் திரையில் திறந்தார்.

“தாய் சொல்லுறா அண்ணை,” என்றார். “இல்லையெண்டு சொல்ல நாங்கள் ஆர்?”

நீக்கிலாஸ் ரிசீவரை எடுத்தார், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பேர்ணடெற் அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தார், அவர் அதைத் திரும்ப வைக்கும்வரை.