பென்சிலில் வரைந்த நீர்க்கட்டி

"மாஸ்டர், ஒரேயொரு சோதினை மார்க்ஸைப் பாத்திட்டு, இந்தப் பிள்ளை முன்னேறுதோ பின்னடையுதோ எண்டு சொல்லுவியளோ?"

வவுனியாவில் ஸ்கான் அறைக் கட்டிலில் இருந்து, வயிற்றில் பூசிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் டொக்டர் சிவயோகம் கேட்ட கேள்வி இது. சொல்ல முடியாது என்றேன். "அப்ப என்னட்டையும் இண்டைக்கே முடிவைக் கேளாதேங்கோ" என்றார்.

சென்ற செவ்வாய்க்கிழமை நெளுக்குளத்தில் பாண் வாங்கப் போனபோது, டொக்டர் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்று கடைக்காரர் சொன்னார். திரும்பி நடந்த வழியெல்லாம் அந்தக் கேள்வியே காதில் கேட்டது. பாணை வாங்காமலே வந்துவிட்டேன் என்பது படலையைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

அவரிடம் போன உங்களுக்கு அந்தத் தண்ணீர்ப் போத்தல் நினைவிருக்கும். கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் உறுப்பு. இரைப்பையில் காற்று இருந்தால் படம் விழாது. தண்ணீர் நிறைந்தால் அதற்கூடாகப் பார்க்கலாம். "குடியுங்கோ மாஸ்டர், யன்னலைத் திறந்து விடுங்கோ" என்று போத்தல் முழுவதையும் குடிக்க வைத்தார். விசுவமடுவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த என்னை மாதக்கணக்கில் வருத்திய வயிற்று நோவுக்காகப் பார்த்தபோது, கணையத்தின் வால்பகுதியில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது.

"புற்றுநோயோ?" என்று கேட்டேன். எல்லா நீர்க்கட்டியும் அப்படி மாறுவதில்லை என்றார். "மாறுறது முதல்லை முகத்தைக் காட்டும். சுவர் தடிக்கும், உள்ளுக்கை முளை கட்டும், கணையக் குழாய் விரியும். உங்கடையிலை இப்ப ஒண்டும் இல்லை. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாங்கோ, பழைய படத்தோடை வைச்சுப் பாப்பம்." கொழும்பிலிருந்த சத்திரசிகிச்சை நிபுணருக்கும் எழுதி, மாற்றம் கண்டால் உடனே அனுப்புவதென்று ஒழுங்கு செய்தார்.

அந்தப் பழைய படத்தைக் காப்பாற்றத்தான் நான் பெரிய கெட்டித்தனம் செய்தேன். பலமுறை இடம்பெயர்ந்த எங்களுக்குக் கடதாசி என்றால் உயிர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பென்சன் கடிதம் எல்லாவற்றையும் மழைக்குப் பயந்து லமினேற் பண்ணி வைத்திருந்தோம். ஸ்கான் படத்தையும் லமினேற் கடைக்குக் கொண்டுபோனேன். "அண்ணை, இனி இது உங்கடை பேரப்பிள்ளையளுக்கும் உதவும்" என்று சொல்லி மெசினுக்குள் விட்டார் கடைக்காரர். மறுபக்கத்தால் வந்தது கரும்பலகை. சோக்கட்டியால் எழுதலாம் போல் பளபளத்தது.

ஆறு மாதம் கழித்து அதைத்தான் டொக்டரிடம் நீட்டினேன்.

"ஐயோ மாஸ்டர், இது சூடு பட்டால் கறுக்கிற கடதாசியெல்லோ!"

கூட வந்த என் மனைவி இராசம், "என்னை லமினேற் பண்ணாமல் விட்டாரே, அது காணும் டொக்டர்" என்றா. டொக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்தபடியே கருவியை வயிற்றில் வைத்தவர், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்.

கட்டியின் உட்சுவரில் பருப்பளவில் ஒரு முளை.

கத்திக்குப் பயம் எனக்கு. "இது முந்தியும் இருந்திருக்கலாம் தானே, டொக்டர்?" என்று கெஞ்சினேன். மறுத்துச் சொல்லப் படம் இல்லை என்ற துணிவும் அந்தக் கேள்வியில் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் எழுந்து அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். பக்கத்துக்கு ஒரு நோயாளி. என் பக்கத்தில், என் நீர்க்கட்டியைப் பென்சிலால் வரைந்து, குறுக்களவு, நெட்டளவு, சுவரின் தடிப்பு எல்லாம் குறித்திருந்தார். உட்சுவர் ஒரே கோடாக ஓடியது. பக்கத்தில், "முளை இல்லை, இரண்டு தரம் பார்த்தது" என்று எழுதியிருந்தது.

"வன்னி வெக்கைக்கு இந்தப் படங்கள் எப்பிடியும் மங்கும், மாஸ்டர். அதுதான் கீறி வைக்கிறனான்" என்றார். பிறகு மெதுவாக, "இண்டைக்கு முடிவு சொல்லலாம். கொழும்புக்கு வெளிக்கிடுங்கோ" என்றார்.

அந்த நாட்களில் வவுனியாவைத் தாண்டிக் கொழும்புக்குப் போக இராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டும்; அதற்குரிய கடிதத்தையும் அவரே எழுதினார். கொப்பியின் அந்தத் தாளைக் கிழித்துப் புதிய படத்தோடு சேர்த்துத் தந்தார். கொழும்பில் கணையத்தின் வால்பகுதியை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். அந்த முளையில் புற்று தொடங்கியிருந்தது; வெளியே பரவவில்லை. இன்னும் ஆறு மாதம் நான் சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இராசத்திடம் இன்றுவரை பேசியதில்லை.

தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வைச்சிருங்கோ. ஆனால் அந்தக் கடைப்பக்கம் மட்டும் போகாதேங்கோ" என்றார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன கடைசிப் பகிடி. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது, மடிப்புக் கலையாமல், ஒரு மண்ணிறக் கடித உறைக்குள். அதோடு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் காத்திருக்கவும், தெரிந்தபின் ஒரு நாளும் தாமதிக்காமல் இருக்கவும் அவரிடம் கற்றதை வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஸ்கான் படம் இருக்கும். இன்றைக்கே அதை ஓர் உறையில் இட்டு, உறையின் மேல் திகதியை எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை ஸ்கானுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.