பின்னால் வர்றீங்களா?

எல்லாரும் ஊட்டிக்குப் போன ஒரு கோடையில் நான் சவ்வாது மலையைச் சுற்றிப் பார்க்கப் போனேன். சாமைக் கொல்லை, பாறைச் சரிவு, அருவி, மூங்கில் காடு என்று ஒரே நாளில் நாலு தேசம் பார்த்தேன். வழிகாட்ட வந்தவர் ஒரு மலைக்காரர். ஒல்லியான உடம்பு, தோளில் கொடுவாள்.

அடிவாரத்து அமிர்திக்கு இறங்கும்போது அவர் முன்னால், நான் பின்னால். இருபதடிக்கு ஒருமுறை, திரும்பாமலே, "வர்றீங்களா?" என்பார். நான் "வர்றேன்" என்பேன்.

ஓரிடத்தில் புதர் அசைந்தது. கரடிதான் என்று முடிவு செய்தேன். பதில் சொன்னால் அதற்கு என் விலாசம் தெரிந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்தது ஆடு. அதற்குள் அவர் கொடுவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கொரல் குடுக்க மாட்டீங்களா சார்?"

"ஆட்டுக்குப் பயந்துட்டேங்க. நீங்களும் அப்பப்ப திரும்பிப் பாத்திருக்கலாமே?"

அவர் சிரிக்கவில்லை. "காய்ச்சலோட எம் பொண்டாட்டிய இந்த வழியாத்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். நோவுக்குப் போறப்ப திரும்பிப் பாக்கக்கூடாது, எங்க வழக்கம். பின்னால வர்றான்னு நெனச்சினே நடந்தேன். ஓடை தாண்டித்தான் கூப்ட்டேன்."

"அப்புறம்?"

"கொரல் வரல. ஓடியாந்து பாத்தா, இங்கதான் குந்தினு இருந்தா. ஒடம்பு சில்லுனு கெடந்துச்சு."

அதன்பிறகு அமிர்தி வரை அவர் கேட்காதபோதும் "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

நான் வேலூர் பஸ்ஸில் ஏறியதும் அவர் தனியாக மலையேறினார். மரங்கள் மறைக்கும் முன் அவர் குரல் ஒருமுறை கேட்டது.

"வர்றியா?"

பின்னால் யாருமில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.