மாமா சுத்தம் செய்த தோட்டம்

என் அம்மாவின் தோட்டத்தைக் கெடுத்தது என் மாமாதான். கெடுத்துவிட்டு, அம்மாவைச் சோம்பேறி என்று கல்யாண வீடுகளில் கதை சொல்லித் திரிபவரும் அவரேதான்.

நாங்கள் மலேசியாவில், ரவாங்கில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால், மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே, யாரும் சீண்டாத நிலம். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடம். வெறும் வெள்ளை மணல். அதில்தான் அம்மா பயிர் வைத்தார். மண்ணைக் கொத்தவே மாட்டார். குச்சியால் துளை போட்டு விதையைப் போடுவார். காய்த்து ஓய்ந்த செடியைப் பிடுங்காமல் அடியில் அறுத்து அங்கேயே பரப்புவார். பயற்றங்காய் முடிந்த இடத்தில் சோளம், சோளம் முடிந்தால் வெண்டை. தரை வெறுமனே கிடக்காது. சாலையோரத்து இலைகளைக்கூட மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்டுவார். மேல்மண் கறுத்துப்போய் இருந்தது.

பார்க்கிறவர்களுக்கு அது குப்பைமேடு. எனக்கும் வெட்கம்தான். ஆனால் மாதக் கடைசியில் எங்கள் குழம்பு அந்தக் குப்பைமேட்டிலிருந்துதான் வந்தது.

தங்கையைப் பெற அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்பா லோரியோடு வெளியூரில். அம்மாவின் தம்பியான மாமா, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறி எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தார். மாமா நல்லவர். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்க்காரிதான். சமைத்துப் போட்டார், எனக்குக் கோணலாகத் தலை பின்னிவிட்டார். அக்கா கைக்குழந்தையோடு கஷ்டப்படக் கூடாது என்று தோட்டத்திலும் இறங்கினார். இலைதழைகளைக் கூட்டிக் கொளுத்தினார். தெரிந்த சீனரிடம் கையால் தள்ளும் உழவு மெஷினை இரவல் வாங்கி, நிலத்தைப் புரட்டி எடுத்தார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆன்டி வேலியோரம் நின்று, "இப்பதான்லா இது தோட்டம் மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா குழந்தையோடு வந்து பார்த்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். மெதுவாகக் கீழே விட்டார்.

"எப்படிக்கா?" என்றார் மாமா. "நீ படுத்துக்கிட்டே வெவசாயம் பண்ணே. நான் செஞ்சி காட்டிட்டேன் பாத்தியா?"

"நல்லாருக்கு தம்பி. கையில மருந்து போடு."

அந்தப் போகத்தில் மாமா நட்ட கத்தரி காய்த்துக் கொட்டியது; அவரே வந்து பறித்தார். மாமாவின் கதை அங்கே முடிந்துவிடும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார்.

மிச்சத்தை நான் சொல்கிறேன். மக்கிய இலையும் வேரும் மணலில் சேர்த்து வைத்திருந்த கரிமம்தான் அந்தக் கறுப்பு. புரட்டிப் போட்டதும் காற்றுப்பட்டு அது வேகமாக மக்கியது. இருந்த சத்தையெல்லாம் ஒரேயடியாகச் செடிக்குக் கொடுத்துவிட்டுத் தீர்ந்தது. வளர்ந்த பிறகு படித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. மாமா பறித்த கத்தரிக்காயெல்லாம் அம்மா வருடக்கணக்காகச் சேர்த்த மண்தான். மூடாத தரையை மழை அரித்துச் சாக்கடையில் தள்ளியது. அடுத்த விதைப்பில் பாதி முளைக்கவில்லை. முளைத்தவையும் வெளிறிப்போய் நின்றன. காய் வாங்கப் பாசாருக்குப் போனால், அம்மா விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்துவிடுவார்.

பிறகு அவர் மறுபடி இலை மூட்டை சுமந்தார். மாமாவையே மறுபடி உழச் சொன்னால் என்ன என்று நான் நச்சரித்தேன்.

"உழுதா இந்த மண்ணு தாங்காது. ஆனா அவன் கை கொப்பளிக்கக் கொப்பளிக்கச் செஞ்சான். அவன்கிட்ட போய் என்னத்தச் சொல்ல?" என்றார்.

தம்பிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். தம்பி தலை குனியக் கூடாது என்பதற்காகத் தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

மாமா, உங்களிடம் அம்மா இதைக் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன். அடுத்த மாதம் கிள்ளானில் உங்கள் மகன் கல்யாணம். சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும். அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: அடுத்த போகத்தில் என்ன காய்த்தது?