இரண்டு துளை போதும்

கொப்பியில் இருந்ததை இல்லை என்று சொன்னேன்.

இதுதான் என் குற்றம். ஒரே வரியில் முடிந்துவிடுகிறது, பாருங்கள்! ஆனால் இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருடமும் நான்கு மாதமும் பிடித்தன. நாள்கணக்குக்கூடச் சொல்ல முடியும். வேண்டாம்... அந்தப் பெருமையில்தான் இவ்வளவும் தொடங்கியது.

நான் கொப்பியில் நாட்குறிப்பு எழுதுகிறவன். சுவிஸுக்கு வந்து அகதி முகாமில் எனக்கென்று ஒரு கட்டில் கிடைத்த நாளிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. நாங்கள் குடியிருக்கும் பூம்ப்ளிஸில் எங்கள் சனத்துக்குள் ஒரு திகதியைப் பற்றி வாக்குவாதம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். யாருடைய பிள்ளைக்கு எப்போது ஞானஸ்நானம் நடந்தது, யாருக்கு முதலில் வதிவிட அனுமதி கிடைத்தது, ட்ராம் பாதை போட எந்த மாதம் தெருவைக் கிண்டினார்கள்... நான் கொப்பியைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறப்பதில்லை.

படித்த சரித்திரப் புத்தகங்கள் கொஞ்சம் தலையில் ஏறியிருந்தன. எழுதிவைத்தவன் சொல்வதுதான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அது நீதி என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் சமையலறையில், கழுவும் தொட்டிக்கு மேலே, ஒரு சுவரலுமாரி இருக்கிறது. வீட்டோடு வந்ததல்ல. பழைய சாமான் கடையில் வாங்கி, அன்ரனைக் கொண்டு சுவரில் பூட்டியது. அன்ரன் என்னைவிட எட்டு வயது இளையவன், மன்னார்ப் பக்கம். கிழமை நாட்களில் ஜன்னல் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் வீடுகளில் அலுமாரி பூட்டிக் கொடுப்பான். துளைக்கும் முன் மடக்கிய விரல் கணுவால் சுவரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். எங்கள் சுவரைத் தட்டியபோது, "அண்ணை, இது உங்களை மாதிரித்தான். வெளியிலை பெரிய தடிப்பு, உள்ளுக்குள்ளை வெறும் கோது" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஐந்து வருடங்கள் அந்த அலுமாரி அப்படியே நின்றது. என் மனைவி றீற்றா அதற்குள் ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, இருபது பேருக்குச் சாப்பாடு போடும் பீங்கான் கோப்பைகள் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள்.

பிறகு ஒரு நாள் அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அலுமாரியின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நீக்கல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அளந்தேன்! அடிமட்டத்தை வைத்து அளந்து, கொப்பியில் எழுதினேன். மூன்று மில்லிமீற்றர். மறுநாளும் அளந்தேன். கோப்பைகளை இறக்கி வைப்போமா என்று றீற்றா கேட்டாள். சனிக்கிழமை பார்ப்போம் என்றேன். சனிக்கிழமையும் அளந்தேன்... ஐந்து.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் ஒரு பக்கம் பெயர்ந்து இறங்கியது. கீழே நின்ற றீற்றா அதைத் தாங்கக் கையை உயர்த்தியிருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தொங்கிக்கொண்டிருந்த மிச்சத்தைக் கழற்றினேன். சுவரில் இரண்டே இரண்டு துளைகள். அவ்வளவு பாரத்துக்கும் இரண்டு பிளாஸ்டிக் செருகிகள், அவற்றில் இரண்டு திருகாணிகள்! அந்தச் செருகிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் வீட்டில் சாப்பிட்டவன். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறவன். இவனா என்னை ஏமாற்றினான்?

சொல்லப்போனால் ஞாயிறு வரை அந்த மூன்று நாளும் எனக்குச் சுகமாகவே இருந்தன. காட்டிக்கொடுக்கப்பட்டவனுக்கு ஒரு நிம்மதி உண்டு. அவன் தன்னைப் பார்க்க வேண்டியதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து, கோவில் மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது, ஆறேழு பேர் முன்னிலையில் அன்ரனைக் கேட்டேன். செருகிகளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். நம்பி வீட்டுக்குள் விட்டதற்கு இதுவா கைம்மாறு என்றேன். றீற்றாவின் மாவுக்கட்டைக் காட்டினேன். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அன்ரனின் முகம் வெளிறியது. ஆனால் குரல் உயரவில்லை.

"நாலு ஓட்டை வேணும் எண்டுதான் நான் சொன்னனான் அண்ணை. நீங்கள்தான் ரெண்டு காணும் எண்டனீங்கள். கொப்பியைப் பாருங்கோ. நான் மெஷினைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கையே நீங்கள் பக்கத்திலை இருந்து எழுதினனீங்கள்."

சரி, கொப்பி சொல்லட்டும் என்றார்கள் எல்லோரும். நானும் அதையே சொன்னேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு! எழுதுகிறவன் எழுதியதும் மறந்துவிடுவான் என்பது அன்றைக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் அந்த வருடத்துக் கொப்பியை எடுத்தேன். திகதியைத் தேட வேண்டியிருக்கவில்லை, விரல் தானாகவே போனது. என் கையெழுத்து. நீல மை.

"அன்ரன் வந்து அலுமாரி பூட்டினான். நாலு துளையும் இரும்புப் பட்டியும் இல்லாமல் நிற்காது என்று பிடிவாதம் பிடித்தான். இரண்டு போதும் என்றேன். ஒருநாள் இந்த வீட்டையும் ஒப்படைக்க வேண்டும்."

ஒப்படைக்க வேண்டும்! லாங்கன்தாலில் முந்திய வாடகை வீட்டை ஒப்படைத்த நாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டு நிர்வாகத்துப் பெண் பென்சிலோடு அறை அறையாக வந்தாள். நாங்கள் அடித்த ஒவ்வொரு ஆணித் துளையையும் வட்டமிட்டு, உரத்து எண்ணினாள். இருபத்துமூன்று. கைகட்டி நின்றேன், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளையைப் போல. இனி ஒரு சுவரிலும் அநாவசியமாக ஒரு துளைகூட இல்லை என்று அன்றைக்கே கொப்பியில் எழுதியிருந்தேன்.

ஆக, ஏமாற்றியது அன்ரன் அல்ல. என்னைக் காட்டிக்கொடுத்தது என் கையெழுத்து.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? போய்ச் சொல்லியிருப்பீர்களா? நானும் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மேசைக்கு மறுபக்கம் றீற்றா இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு துளைகளும் என்னுடையவை என்றால், அந்த மணிக்கட்டும் என்னுடையது. அந்தப் பன்னிரண்டு நாள் அளவுகளும்...

கொப்பியை மூடினேன்.

அடுத்த ஞாயிறு, அதே மண்டபம், அதே ஆட்கள். "பார்த்தன். அப்பிடி ஒண்டும் எழுதியில்லை" என்றேன்.

அன்ரன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கொப்பியைக் கொண்டு வா என்பான் என்று பயந்தேன். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவன் தன் கைகளைப் பார்த்தான். உள்ளங்கையைத் திருப்பியும் பார்த்தான்.

"இல்லையோ அண்ணை?" என்றான். பிறகு றீற்றாவின் பக்கம் திரும்பி, "கொப்பியிலை இல்லையெண்டா, நான்தான் பிழையா நினைச்சுக்கொண்டிருக்கிறன் போலை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

அவன் என்னை நம்பிவிட்டான்! தன் ஞாபகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு என் கொப்பியை நம்பினான். இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

சனிக்கிழமை காலை வந்து அலுமாரியைத் திருத்தினான். பழைய துளைகளைப் பசை போட்டு அடைத்தான். கோதுச் சுவருக்கென்று இருக்கும் நீளச் செருகிகளைத் தானே வாங்கி வந்திருந்தான். இரும்புப் பட்டி வைத்து, ஆறு துளை போட்டான். நான் நீர்மட்டக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை சுவரைத் தட்டினான், பகிடி ஒன்றும் விடவில்லை. முடிந்ததும் அலுமாரியில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தான்.

"ஆறு எண்டு எழுதிவையுங்கோ அண்ணை. பிறகும் எனக்கு மறந்துபோடும்."

எழுதினேன். ஆறு. அது உண்மை.

றீற்றா இடது கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு இரண்டு துளை போட்டபோதும் அவள் இதே சமையலறையில்தான் நின்றாள். அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும், அது எப்ப நடந்தது என்று என்னைத்தான் கேட்பாள். இப்போது ஒரு திகதியும் என்னிடம் கேட்பதில்லை.

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாமே என்பீர்கள். வரிசையில் மூன்று முறை நின்றேன். மூன்று முறையும் விலகி வந்தேன். அவர் மன்னித்துவிடுவார். அன்ரன் உயிரோடு, இரண்டு தெரு தள்ளி இருக்கையில், அவனுக்குப் பதிலாக யாரோ மன்னிப்பது எப்படி?

இத்தோடு முடிந்திருந்தால்கூட... இல்லை, முடியவில்லை.

அன்ரனின் தாய் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப்போய்க் கிடந்தவர். ரெலிபோனில் மகனின் குரலைக் கேட்டு, ஆர் தம்பி நீ என்பாராம். அந்தப் பயம் அவனுக்குள் எப்போதும் இருந்தது. எனக்கு அது தெரியும், எழுதிவைத்திருக்கிறேன். அலுமாரி விசயத்துக்குப் பிறகு அவன் சின்னச் சின்னத் துண்டுகளில் எழுதிப் பொக்கற்றில் வைக்கத் தொடங்கினான். அடுப்பை நிறுத்தினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போனான். பிறகு சனிக்கிழமை வேலைகளை விட்டான். ஆருடைய தலையிலாவது அலுமாரி விழுந்தால் என்ன செய்வேன் என்றான்.

ஞாபகசக்திப் பரிசோதனைக்கு என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டான். என் ஜெர்மன் கொஞ்சம் திருத்தம்.

வைத்தியர் இளம் பெண், பொறுமைசாலி. மறதியை முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். அன்ரன் யோசித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அந்த அலுமாரி விசயம்தான். திகதி என்ன அண்ணை?"

இதோ, வாசல் திறந்திருந்தது. ஒரு வாக்கியம் போதும். எந்த மொழியிலும் சொல்லியிருக்கலாம்.

நான் திகதியைச் சொன்னேன். முதலில் கிழமை, பிறகு நாள், மாதம், வருடம். திருத்தமான ஜெர்மனில். வைத்தியர் எழுதிக்கொண்டார்.

பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் வந்து பார்ப்பது நல்லது என்றார்கள். திரும்பும்போது ட்ராமில் அன்ரன் ஜன்னலோரம் இருந்தான். பூம்ப்ளிஸ் நெருங்கியபோது என் முழங்காலில் கை வைத்தான்.

"எனக்கு மறந்தாலும் பரவாயில்லை அண்ணை. உங்கடை கொப்பி இருக்குத்தானே."

"ஓம்" என்றேன். "இருக்கு."